பாரிமுனையில் சில்வர் நைட்ரேட் வாங்குபவர்கள் கவனத்துக்கு

திருவான்மியூர், நீலாங்கரைப் பக்கம் அடுக்குமாடிகளின் போர்வெல் தண்ணீரைச் சோதித்துக் கொடுக்கும் சின்ன லேப் எங்களுடையது. கடலோரம் என்பதால் எல்லாரும் முதலில் கேட்பது குளோரைடு, அதாவது உப்பு, எவ்வளவு என்றுதான். அதைப் பார்க்க சில்வர் நைட்ரேட் என்ற வெள்ளிச் சேர்மம் வேண்டும்.

வழக்கமான டீலரிடம் சரக்கு இல்லை. பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் 25 கிராம் பாட்டில் வாங்கினேன். வெள்ளி விலை ஏறிக் கிடக்கிற நேரத்தில் மற்ற இடங்களைவிடக் குறைத்துச் சொன்னார். "பழைய ஸ்டாக் சார், அதான்" என்றவர், கொஞ்சம் கரைத்துக் கடைப் பையன் விரலில் தொட்டு வைத்து, "வெயில்ல காட்டுடா" என்றார். சற்று நேரத்தில் கருத்தது. "பாத்தீங்களா, ஒரிஜினல்." பாவம் அந்தப் பையன், மேல்தோல் உரியும்வரை அந்தக் கறை போகாது.

விரல் கருத்தால் அதில் வெள்ளி இருக்கிறது என்றுதான் அர்த்தம். எவ்வளவு இருக்கிறது என்று விரல் சொல்லாது.

புது பாட்டில் பிரித்தால் லிட்டருக்கு 2.395 கிராம் கரைத்து, அளவு தெரிந்த சோடியம் குளோரைடு கரைசலோடு சரிபார்ப்பது எங்கள் வழக்கம். பொட்டாசியம் குரோமேட் சேர்த்து மஞ்சளாக்கிய 10 மில்லி உப்புக் கரைசலில் வெள்ளிக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால், ஏறக்குறைய 10 மில்லியிலேயே மஞ்சள் மாறிச் செங்கல் நிறம் தட்ட வேண்டும். சொட்டு விடும் அளவுக் குழாயான பியூரெட் 14-ஐத் தொடும்வரை மஞ்சள் அசையவில்லை. இதை நம்பியிருந்தால், லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரைடு உள்ள நல்ல தண்ணீர்கூட 280 என்று காட்டி, குடிநீருக்கான 250 வரம்பைத் தாண்டியிருக்கும்.

அப்புறம் 1 கிராமைக் கரைத்து, உப்புக் கரைசலைத் தாராளமாக ஊற்றி, விழுந்த வெள்ளைப் படிவை வடிகட்டி, இருட்டில் காயவைத்து நிறுத்தேன். சுத்தமான சரக்கில் 0.84 கிராம் சில்வர் குளோரைடு வரும். வந்தது 0.6. பத்தில் மூன்று பங்கு வேறு ஏதோ! கலந்தவர் விவரமானவர். சமையல் உப்பைக் கலந்திருந்தால் தண்ணீரில் போட்டதுமே பாலாகி மாட்டியிருப்பார். பொட்டாசியம் நைட்ரேட் மாதிரி ஒன்று என்றால் தெளிவாகக் கரைந்துவிடும், கண்ணுக்குப் பிடிபடாது.

திருப்பிக் கொண்டுபோனால், "சீல் உடைச்சத எடுக்க மாட்டோம்" என்று ஒரே பேச்சு. சீல் என்று அவர் சொன்னது மூடியில் சுற்றிய செலோ டேப்பை! பில்லில் 'லேப் கெமிக்கல்' என்று மட்டும் இருந்தது.

வாங்குபவர்கள் பேட்ச் எண்ணுள்ள பகுப்பாய்வுச் சான்றிதழ் கேளுங்கள். பில்லில் பொருளின் பெயர், தூய்மை, எடை மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் டேப் சுற்றிய பழுப்பு பாட்டில் வாங்கிய லேப்காரர்களும் பள்ளி, கல்லூரி ஆய்வகங்களும் அடுத்த ரிப்போர்ட் கொடுப்பதற்கு முன் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.