புரதத்தை அளக்க ஒளியா, காந்தமா? ட்ரோபோனின் சோதனையை முன்வைத்து ஓர் அலசல்

நெஞ்சுவலியோடு வருபவரின் ஈ.சி.ஜி. தெளிவான விடை தராதபோது, மருத்துவர் அடுத்து நாடுவது ட்ரோபோனின் சோதனையை. இதயத் தசை சேதமுறும்போது ரத்தத்தில் கசியும் இந்தப் புரதத்தின் அளவு மிகச் சொற்பம். உயர் நுண்ணுணர்வுச் சோதனையில் ட்ரோபோனின்-டி வகைக்குப் பரவலாகக் கையாளப்படும், இயல்பான அளவின் மேல்வரம்பே லிட்டருக்கு 14 நானோகிராம்தான். ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இத்தனை நுண்ணிய அளவைச் சொல்ல ஆய்வகங்கள் இன்று ஒளியையே நம்புகின்றன. அதற்குப் போட்டியாக வளர்ந்துவருபவை காந்த உணரிகள்.

இரண்டு முறைகளுக்கும் அடித்தளம் ஒன்றே. ஓர் எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, புரதத்தைப் பிடித்து நிறுத்துகிறது. இன்னொன்று அதன் மறுபக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஓர் அடையாளத்தைச் சுமந்து நிற்கிறது. அந்த அடையாளம் என்ன, அதை எப்படி எண்ணுகிறோம் என்பதில்தான் பாதைகள் பிரிகின்றன.

1971-இல் ஸ்வீடனில் ஈவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மனும் அறிமுகப்படுத்திய எலைசா முறையில் அடையாளம் ஒரு நொதி. 96 குழிகள் கொண்ட தட்டில் நிறமற்ற கரைசலை விட்டால், புரதம் உள்ள குழி மெல்ல நீலமாகும். அமிலம் சேர்த்ததும் மஞ்சளாகும். அந்த மஞ்சளின் அடர்த்தியை 450 நானோமீட்டர் ஒளியில் அளக்கிறார்கள். ஒட்டாமல் மிதக்கும் நொதியும் இதே நிறத்தைத் தரும் என்பதால், பலமுறை கழுவி அதை அகற்றாவிட்டால் வரும் எண்ணுக்குப் பொருளில்லை. இந்த உழைப்பை முழுவதும் தானியங்கியாக்கியவை, வேதிவினையில் பிறக்கும் ஒளியை அளக்கும் வேதி ஒளிர்வுக் கருவிகள். அவற்றில் பலவற்றிலும் காந்தத் துகள்கள் உண்டு. ஆனால் அவை கழுவும்போது புரதத்தைப் பிடித்துவைக்க மட்டுமே பயன்படுகின்றன, அளக்கப்படுவது ஒளிதான். எனவே, விளம்பரத்தாளில் 'காந்தத் துகள்' என்ற சொல்லைக் கண்டதும் அதைக் காந்த உணரி என்று கருதிவிடக் கூடாது.

உண்மையான காந்த உணரியில் காந்தத் துகளே அடையாளம்; அதன் காந்தப்புலமே அளக்கப்படுகிறது. 1988-இல் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் பீட்டர் குருன்பெர்கும் தனித்தனியே கண்டறிந்து, 2007-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த ஜி.எம்.ஆர். விளைவே இதன் உயிர்நாடி: மிக மெல்லிய உலோக அடுக்குகளின் மின்தடை, அருகிலுள்ள காந்தப்புலத்துக்கேற்ப மாறும். ஹார்டு டிஸ்கின் தகவலைப் படித்த அதே நுட்பம் இங்கு புரதத்தை எண்ணுகிறது. துகளின் புலம் தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், தூரம் இரட்டிப்பானால் புலம் எட்டில் ஒன்றாகிவிடும். ஆகவே உணரியின் பரப்பில் புரதத்தோடு ஒட்டிய துகள்கள் மட்டும் கணக்கில் வருகின்றன. மேலே மிதப்பவை இருந்தும் இல்லாதவையே. கழுவாமலே அளக்க முடிவது இதனால்தான்.

என் பார்வையில் காந்தத்தின் பெரும்பலம் இன்னொன்று. சீரம் என்பது ரத்தம் உறைந்தபின் பிரியும் திரவம். ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து சிவந்த சீரம், கொழுப்பு மிகுந்து பால்போல் வெளுத்த சீரம் ஆகியவை ஒளி அளவீட்டைக் குழப்பக்கூடியவை. காந்தத்துக்கு அந்த நிறமும் கலங்கலும் தடையல்ல; துகள்களோடு ஒப்பிட ரத்தத்தின் சொந்தக் காந்தத்தன்மை பொருட்படுத்தத் தக்கதே அல்ல. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வு, வெவ்வேறு உடல்திரவங்களிலும் அமிலத்தன்மை மாறியபோதும் ஜி.எம்.ஆர். உணரியின் அளவீடு நிலையாக இருப்பதைக் காட்டியது.

ஆனால் காந்தம் தீர்க்காத சிக்கல்களும் உண்டு. எதிர்ப்பொருள் தவறான புரதத்தைப் பிடித்தால் எந்த உணரியாலும் அதைத் திருத்த முடியாது. பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையை அதிகம் உட்கொள்பவர்களின் ட்ரோபோனின் அளவு பொய்யாகக் குறைந்து தெரியலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. பல சோதனைகள் பயோட்டினையும் அதை இறுகப் பற்றும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தையும் பசைபோலப் பயன்படுத்துவதே காரணம்; துகளை ஒட்டவைக்க இந்தப் பிணைப்பை நம்பும் காந்த உணரிக்கும் அதே ஆபத்து உண்டு. கழுவாத ஒற்றைப்படிச் சோதனையில், புரதம் மிதமிஞ்சி இருந்தால் இரு எதிர்ப்பொருள்களும் தனித்தனியே நிரம்பிவிட, விடை தாழ்வாகக் காட்டும் சிக்கலும் கூடுதல்.

காந்தக் குடும்பத்திலேயே, மீக்கடத்திகளால் ஆன ஸ்குவிட் உணரி மிக நுண்ணுணர்வு கொண்டது. ஆனால் அதற்குத் திரவ நைட்ரஜனோ ஹீலியமோ கொண்டு குளிரூட்ட வேண்டும்; நோயாளியின் படுக்கையருகே அது நடவாத காரியம்.

நாள் முழுதும் மாதிரிகள் குவியும் மைய ஆய்வகத்துக்கு வேதி ஒளிர்வுக் கருவியையே நான் பரிந்துரைப்பேன். வேகத்திலும் நீண்டகால அனுபவத்திலும் அதை இப்போதைக்கு விஞ்ச இயலாது. ஆம்புலன்சுக்கும், சீரத்தைப் பிரிக்கும் சுழற்பொறியே இல்லாத சிறு மருத்துவமனைக்கும் காந்த உணரியே பொருத்தமானது. வாங்குபவர் எத்தனை நிமிடத்தில் விடை வரும் என்று கேட்பதற்கு முன், ட்ரோபோனினின் அந்த மேல்வரம்பு அளவில் திரும்பத் திரும்பச் சோதித்தால் விடைகளின் மாறுபாடு 10 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று கேட்க வேண்டும். உயர் நுண்ணுணர்வுச் சோதனை என்ற பெயருக்கே அது ஒரு நிபந்தனை. அதை எட்டாத கருவி, முதல் மணி நேரத்திலேயே மாரடைப்பு இல்லையென்று கூறி ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் முடிவுக்கு ஆதாரமாகாது.