பழைய ரப்பர்க் காடு: மாங்கியமா, செந்தாங்கா, கலப்பு நடவா?

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் உள்ள பகாவ் போன்ற தோட்டத்து ஊர்களில் கோயிலுக்கோ கூட்டுறவுக்கோ சொந்தமான நாலைந்து ஏக்கர் ரப்பர் நிலம், பால்வெட்டு நின்று காடு பிடித்துக் கிடப்பதுண்டு. அதில் பலகை மரம் வளர்க்க மூன்று யோசனைகள் வரும். மொத்தமாக வெட்டி அக்காசியா மாங்கியம் வைப்பது, செந்தாங் வைப்பது, இருக்கும் காட்டுக்குள்ளேயே வரிசை வெட்டி நாட்டு மரங்களைச் சேர்ப்பது. நாங்கள் மூன்றாவதன் பக்கம்.

மாங்கியம் வேகமாக வளரும், உண்மைதான். தீபகற்பத்தில் 1980களில் அறுப்பு மரத்துக்கென்றே பெரிய அளவில் நட்டார்கள். கெடுத்தது நடுத்தண்டு அழுகல். கிளை முறிந்த இடத்திலும் கவாத்துப் புண்ணிலும் பூஞ்சை நுழையும். வெளியே திடமாக நிற்கும் மரம், அறுத்தால் உள்ளே பஞ்சாக இருக்கும். கிளைகள் 2 செ.மீ. தடிப்பதற்குள் கழித்துவிட ஆள் இல்லையென்றால் பலகைக்காக இதை நடவே கூடாது.

செந்தாங் நம் வேம்புக்கு நெருங்கிய உறவு, கொழுந்தை உலாமாகவும் (சோற்றோடு சேர்த்துக்கொள்ளும் கீரையாக) தின்னலாம். 3×4 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு சுமார் 337 கன்று பிடிக்கும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் நட்டால் பிழைக்காது. பழைய ரப்பர்க் கட்டைகளைப் பிடுங்காமல் நட்டால் வெள்ளை வேர் நோய் என்ற பூஞ்சை நோய் அந்தக் கட்டையிலிருந்து புது வேருக்குத் தாவும். செலவெல்லாம் இந்தக் கட்டை பிடுங்குவதில்தான்.

கலப்பு நடவில் முதல் வேலை அளப்பது. 20×20 மீட்டர் கட்டம் பத்து போட்டால் ஏறக்குறைய ஓர் ஏக்கர். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், அடித்தண்டைச் சுற்றிப் பலகைபோல் விரியும் வேர் இருந்தால் அதற்கு மேலே, நாடா பிடித்து 31 செ.மீ. சுற்றளவுக்குக் குறையாத மரங்களை எல்லாம் எழுதுங்கள். இரண்டு கணக்கு தனித்தனியாக வேண்டும்: எத்தனை இனம், பலகைக்கு ஆகும் நேர்த்தண்டு எத்தனை. பக்கத்துப் பாசோ காட்டின் 50 ஹெக்டேர் ஆய்வுத் திடலில் 800க்கும் மேற்பட்ட மர இனங்கள் உண்டு. கைவிட்ட ரப்பர் நிலத்தில் முதலில் ஏறுவதோ மகாங் போன்ற மென்மரங்கள். இனம் கூடியிருந்தும் பலகை தேறாமல் போவது இதனால்தான். 126 செ.மீ. சுற்றளவும் 10 மீட்டர் கிளையில்லாத தண்டும் உள்ள மரம், மேலே ஒடுங்குவதைக் கழித்தால், சுமார் 0.8 கன மீட்டர் தரும்.

பிறகு 10 மீட்டருக்கு ஒன்றாக 2 மீட்டர் அகல வரிசை வெட்டி, 4 மீட்டருக்கு ஒரு கன்று. ஏக்கருக்கு நூறு போதும். நாட்டுப் பலகை மரங்களில், வெளிச்சம் அதிகமுள்ள இடத்துக்கு மெராவான் சிப்புட் ஜந்தான், பாதி நிழலுக்கு மெராந்தி தெம்பாகா. செங்கால் என்ற நாட்டு மரம் மிக மெதுவாக வளரும், பேரப்பிள்ளைகளுக்கென்று பத்து வையுங்கள். இவற்றின் விதை உலரவிட்டால் செத்துவிடும், காய்ப்பதும் எல்லா ஆண்டும் இல்லை. அதனால் நாற்றுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். பையில் தாய்மரத்தடி மண் ஒரு பிடி கலந்தால் வேருக்கு உதவும் நல்ல பூஞ்சை ஒட்டிக்கொள்ளும். அது இல்லாத கன்று மஞ்சளித்து நின்றுவிடும்.

தோற்பது பெரும்பாலும் இரண்டாம் வருஷம். கொடி ஏறி, மேல்விதானம் மூடி, கன்று முழங்கால் உயரத்திலேயே நிற்கும். நாலு மாதத்துக்கு ஒருமுறை பாராங் கத்தியோடு போய் வரிசையைத் திறக்க வேண்டும்.

வரிசைக்காகச் சாய்க்கும் ரப்பர் மரம் ஆரம்பச் செலவுக்கு உதவும். வெட்டிய மரத்தில் சில நாளில் பூஞ்சையால் நீலம் பாய்ந்துவிடும் என்பதால் ஆலை லாரிக்கு நாள் குறித்த பிறகே வெட்டுங்கள். சொந்த நிலத்து மரமானாலும் வெளியேற்றும் முன் மாநில வனத்துறையில் உரிமம் கேட்டுக்கொள்ளுங்கள்.