ஒயின் அருங்காட்சியகத்துக்கு எந்த லைசென்ஸ் பொருந்தும்? கலிஃபோர்னியா வழிகள் ஓர் அலசல்

கலிஃபோர்னியாவின் நாபா நகரில், ஆற்றங்கரையில், 2001 நவம்பரில் கோப்பியா திறந்தது. அமெரிக்க ஒயின், உணவு, கலை மையம் என்பது அதன் முழுப் பெயர். லாப நோக்கமற்ற அமைப்பு. இடத்தையும் பெருந்தொகையையும் கொடுத்தவர் ஒயின் தயாரிப்பாளர் ராபர்ட் மொண்டாவி. சமையல் கலைஞர் ஜூலியா சைல்டின் செப்புப் பாத்திரங்கள் அங்கே வைக்கப்பட்டிருந்தன, அவர் பெயரில் ஓர் உணவகமும் நடந்தது. ஒரு பக்கம் தோட்டம், ஒரு பக்கம் கண்காட்சி, நடுவில் ஒயின் சுவைக்கும் வகுப்பு.

இப்படி ஓர் இடத்துக்கு எந்த மது லைசென்ஸ் பொருந்தும் என்று பார்க்க இரண்டு கேள்விகள் போதும். வாசலில் யார் நுழைகிறார்கள்? பணம் யார் தருகிறார்கள்? முதல் கேள்விக்குப் பதில், குழந்தைகளும்தான். இரண்டாவதற்குப் பதில், பெரும்பாலும் ஒயின் ஆலைக்காரர்கள். சிக்கல் எல்லாம் இந்த இரண்டு பதில்களிலிருந்துதான் கிளம்புகிறது.

"விற்கவில்லை, சும்மாதான் ஊற்றித் தருகிறோம், எதற்கு லைசென்ஸ்?" என்று பலர் நினைப்பார்கள். அந்த விலக்கு தனிப்பட்ட விருந்துக்கு உரியது: விற்பனை இருக்கக் கூடாது, அந்த நேரத்தில் பொதுமக்களுக்கு இடம் திறந்திருக்கக் கூடாது, குடிப்பதற்காகவே நடத்தும் இடமாகவும் இருக்கக் கூடாது. நுழைவுச்சீட்டின் விலைக்குள் ஒரு கிண்ணம் ஒயின் அடங்கியிருந்தால் அதுவும் விற்பனைதான். தினமும் கதவைத் திறந்துவைக்கும் அருங்காட்சியகத்துக்கு இந்த வழி உதவாது.

அடுத்தது நாள் லைசென்ஸ். லாப நோக்கமற்ற அமைப்பு ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் வாங்கிக்கொள்வது. ஆண்டுக்குச் சில நிதி திரட்டும் விருந்துகள், ஓர் அறுவடை விழா, அவ்வளவுதான் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை என்பேன். நன்கொடையாக ஒயின் வாங்குவதும் இதில் எளிது. வரிவிலக்கு பெற்ற அமைப்புக்கு ஒயின் ஆலை இலவசமாகவோ குறைந்த விலைக்கோ ஒயின் தர மாநிலச் சட்டம் இடம் தருகிறது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பொறுப்புடன் பரிமாறும் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கிய ஒருவராவது நிகழ்ச்சி முடியும்வரை அங்கே இருக்க வேண்டும். தன்னார்வலர்களை நம்பி நடத்துபவர்கள் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது. தினசரி சுவைப்பு வகுப்பு நடத்த வேண்டுமென்றால் நாள் லைசென்ஸ் தாங்காது.

மற்ற லைசென்ஸ் வகைகளை அங்கே எண்ணால் குறிப்பிடுவார்கள். டைப் 42 என்பது பீரும் ஒயினும் மட்டும் விற்க அனுமதிக்கும் பார் வகை. சமையலறை தேவையில்லை, வாங்குவதும் எளிது. ஆனால் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை என்ற பலகையை வாசலில் மாட்ட வேண்டும். பள்ளிக் குழந்தைகள் வரிசையாக வந்து நிற்கும் இடத்தில் அந்தப் பலகையை நினைத்துப் பாருங்கள். தனிக் கதவு உள்ள ஒரு சுவைப்பறைக்கு வேண்டுமானால் சரி, முழுக் கட்டடத்துக்கும் கூடவே கூடாது.

குழந்தைகள் வரலாம் என்றால் உணவக வகைதான். டைப் 41-இல் பீர், ஒயின். டைப் 47-இல் ஸ்பிரிட்ஸும், அதாவது விஸ்கி, பிராந்தி போன்ற வடித்த மதுவும் சேரும். நிஜமான சாப்பாட்டுக்கடையாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சாண்ட்விச்சும் சாலடும் மட்டும் வைத்து ஒப்பேற்ற முடியாது, சட்டமே அதை வெளிப்படையாகச் சொல்கிறது. முறையான சமையலறையும் வழக்கமான சாப்பாடும் வேண்டும். இதில் 47-க்கு இன்னொரு தடை. ஸ்பிரிட்ஸ் சேர்ந்த இந்த வகை லைசென்ஸுகளுக்கு மக்கள்தொகையை வைத்து உச்சவரம்பு உண்டு, ஒரு கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) 2,000 பேருக்கு ஒன்று என்று. அதனால் ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் சந்தை விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். ஒயினைப் பற்றிச் சொல்லித்தர விஸ்கி எதற்கு? என் கணக்கில் நடுத்தர அருங்காட்சியகத்துக்கு 41 போதும். உணவகத்தை வெளியாள் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டால் லைசென்ஸ் அவர் பெயரில் இருக்கும், அவர் போனால் அதுவும் போய்விடும். ஒப்பந்தம் எழுதும்போதே இதைப் பேசிவிடுங்கள்.

இனி பணம் தருபவர் பக்கம். மதுவிலக்குக் காலத்துக்கு முன் அமெரிக்காவில் பீர் ஆலைகளே சாராயக்கடைகளைக் கையில் வைத்திருந்தன. கடன், மேசை நாற்காலி, ஐஸ் பெட்டி எல்லாம் ஆலை கொடுக்கும், கடை அந்த ஆலையின் சரக்கை மட்டும் விற்கும். 1933-இல் மதுவிலக்கு நீங்கியபோது, தயாரிப்பவர், மொத்த வியாபாரி, சில்லறைக்காரர் என்று மூவரையும் பிரித்து நிறுத்தினார்கள். தயாரிப்பவர் சில்லறைக்காரருக்கு மதிப்புள்ள எதையும் சும்மா தரக் கூடாது, அவர் கடையில் பங்கும் வைக்கக் கூடாது என்பது இதன் சாரம். நல்ல விதி, காரணமும் நியாயமானது. ஆனால் நிரந்தர லைசென்ஸ் எடுத்த அன்றே அருங்காட்சியகமும் சட்டத்தின் கண்ணில் ஒரு சில்லறைக்காரர்தான். கட்டடத்துக்குப் பணம் கொடுத்த ஆலைக்காரர், நிர்வாகக் குழுவில் உட்காரும் ஆலைக்காரர், வகுப்புக்கு ஒரு பெட்டி ஒயின் அனுப்பும் ஆலைக்காரர் எல்லாரும் உடனே கேள்விக்குள் வந்துவிடுகிறார்கள். கலிஃபோர்னியா சட்டமன்றம் இதற்கு விலக்குகளை ஒவ்வொன்றாகத்தான் தருகிறது. யாருக்கு, எந்த மாதிரி இடத்துக்கு என்று பெயர் சொல்லாத குறையாக எழுதப்பட்ட விலக்குகள் அந்தச் சட்டப் புத்தகம் முழுக்க இருக்கின்றன.

நாடக அரங்குகளுக்கு டைப் 64 இருப்பது போல, நம் விஷயத்துக்கென்றே டைப் 78 இருக்கிறது: "ஒயின், உணவு, கலைப் பண்பாட்டு அருங்காட்சியகம் மற்றும் கல்வி மையத்துக்கான" லைசென்ஸ். கோப்பியாவின் முழுப் பெயரைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒற்றுமை பளிச்சென்று தெரியும். பீர், ஒயின், ஸ்பிரிட்ஸ் மூன்றும் இதில் அடங்கும். அருங்காட்சியகத்தைச் சாராயக்கடை என்றோ ஓட்டல் என்றோ வேஷம் கட்டவைக்காமல், அருங்காட்சியகமாகவே பார்க்கும் வகை இது. பெரிய கட்டடம், தினசரி வகுப்பு, கடை, கண்காட்சி எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் சின்ன அமைப்புகள் இதற்கு ஆசைப்பட வேண்டாம். விண்ணப்பிப்பதற்கு முன்பே நிர்வாகக் குழுவில் உள்ள ஆலைக்காரர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போய், ஒவ்வொருவருக்கும் எந்த விலக்கு பொருந்துகிறது என்று வரிவரியாகக் கேட்டுவிட வேண்டும்.

கோப்பியா 2008 நவம்பரில் மூடியது. காரணம் லைசென்ஸ் இல்லை, கடனும் வராத கூட்டமும்தான். ஜூலியா சைல்டின் பாத்திரங்கள் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய சமையலறைக்கே போய்ச் சேர்ந்தன. நாபா கட்டடத்தில் 2016 முதல் ஒரு சமையல் கல்லூரி நடக்கிறது.