தறிக்குடோன் பக்கத்தில் ஸ்டுடியோ: ரெண்டு சேனல் இன்டர்ஃபேஸா, எட்டு சேனலா?

கோவை மாவட்டம் சோமனூர்ப் பக்கம் மாடியறையை ரெக்கார்டிங்குக்கு ஒதுக்கியபோது எனக்கு ரெண்டு வழி இருந்தது. ஒன்று, லேப்டாப்பின் யூஎஸ்பி கரண்டிலேயே ஓடும் ரெண்டு சேனல் இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2, மோட்டு எம்2, பெரிங்கர் யூஎம்சி202எச்டி எல்லாம் இந்த வகை. இன்னொன்று, எட்டு மைக்கை ஒரே நேரத்தில் செருகும் ரேக் பெட்டி. ஸ்கார்லெட் 18ஐ20 மாதிரி, சுவர் ப்ளக்கில் ஓடுவது. நான் எடுத்தது 2ஐ2. இன்றைக்குப் புதிதாக வாங்கினாலும் அதையேதான் எடுப்பேன்.

சவுண்ட் தரத்தில் அதிகம் பேச ஒன்றுமில்லை. எல்லாமே 24 பிட். எதில் பதிந்த பாட்டு என்று கேட்கிறவர்களால் சொல்ல முடியாது. எம்2-வில் கலர் மீட்டரும் ஆன்-ஆஃப் சுவிட்சும் இருக்கிறது, நல்ல வசதி. கெயினை, அதாவது மைக் சிக்னலை எவ்வளவு பெருக்கும் என்பதை மட்டும் பார்த்து வாங்குங்கள். மூன்றாம் தலைமுறை 2ஐ2 56 டெசிபல், எம்2 60, 2023-இல் வந்த நான்காம் தலைமுறை 2ஐ2 69. உடுக்கையடித்து அண்ணமார் சாமி கதை பாடுகிறவர் குரலைத் தணித்துப் பேசும் இடங்களில் எஸ்எம்57 மாதிரி, குறைந்த சிக்னல் தரும் டைனமிக் மைக்குக்கு அந்தக் கூடுதல் டெசிபல் தேவைப்படும். பம்பை, தவிலுக்குத் தேவையே இல்லை.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது கரண்ட்.

எங்கள் ஊரில் ஒரே லைனில் தறிக்குடோனும் இருக்கும், கிணற்று மோட்டாரும் இருக்கும், வீடும் இருக்கும். மோட்டார் எடுக்கும்போது லைட் மங்கும், வோல்டேஜ் ஏறி இறங்கும். அதைக்கூட ஸ்டெபிலைசர் வைத்துச் சமாளிக்கலாம். எர்த் சரியில்லை என்றால்தான் பிழைப்பு கெடும். பெட்டிக்குள் மைக் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப்பை 60 டெசிபலுக்குத் திருகினால் உள்ளே வரும் சிக்னல் ஆயிரம் மடங்கு பெருகுகிறது. கேபிளில் கண்ணுக்குத் தெரியாத அளவு கரண்ட் கசிந்தாலும் அதுவும் சேர்ந்து பெருகி, 'உம்ம்' என்ற 50 ஹெர்ட்ஸ் இரைச்சலாக உட்கார்ந்துவிடும். 50 மட்டும் என்றால், குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் குறைக்கும் ஈக்யூவில் வெட்டிவிடலாம். 100, 150 என்று அதன் மடங்குகளும் கூடவே வரும். அவற்றை வெட்டப் போனால் தவிலின் தொப்பிச் சத்தமும் ஆண்குரலின் கனமும் சேர்ந்து போய்விடும்.

அது வரும் வழி இதுதான். லேப்டாப் சார்ஜருக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் துளி கரண்டை எர்த்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். எர்த் உயிரோடு இருந்தால் அது மண்ணுக்குள் இறங்கிவிடும். செத்திருந்தால் லேப்டாப் உடம்புக்கு ஏறி, யூஎஸ்பி கேபிள் வழியாக இன்டர்ஃபேஸுக்கும் மைக் கேபிளுக்கும் வரும். மைக்கைத் தொட்டால் சுறுசுறு என்று இருப்பது அதனால்தான். எர்த் இருந்தும் ரேக் பெட்டி ஒரு ப்ளக்கிலும் ஸ்பீக்கர் இன்னொரு ப்ளக்கிலும் இருந்தால், ரெண்டு எர்த்துக்கும் நடுவே ஒரு வளையம் உண்டாகி, இரைச்சல் அந்த வழியாகவும் வரும்.

ரெண்டு சேனல் பெட்டியில் இதற்கு ஒரே வரியில் தீர்வு: பாடகர் மைக் முன்னால் வந்து நின்றதும் சார்ஜரைப் பிடுங்கிவிடுவது. லேப்டாப் பேட்டரியில் ஓடும், இன்டர்ஃபேஸ் லேப்டாப்பில் ஓடும், ஸ்பீக்கர் கேபிளையும் கழற்றிவிட்டு ஹெட்ஃபோனில் கேட்டால் சுவரோடு தொடர்பே இல்லை. ரெக்கார்டிங் நடுவில் கரண்ட் போனால்கூட டேக் நிற்காது. சுவர் ப்ளக்கில் ஓடும் எட்டு சேனல் பெட்டிக்கு இந்த வழி கிடையாது. அதற்கு நல்ல எர்த்தும் யூபிஎஸ்ஸும் வேண்டும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் போட்டால் அது தனியாக ஒரு 'கிர்ர்' கொடுக்கும்.

எந்தப் பெட்டி வாங்கினாலும் எர்த்தைப் பார்த்துவிடுங்கள். மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் காட்டுகிற அளவே ஏறக்குறைய காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ரெண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. எங்கள் மேட்டாங்காட்டு மண் சித்திரை, வைகாசியில் காய்ந்து வெடித்துவிடும். கரித்தூளும் உப்பும் போட்ட எர்த் குழியே ஆனாலும் ஈரம் இல்லாவிட்டால் வேலை செய்யாது. வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் இரைச்சல் இறங்குவதைக் காதாலேயே கேட்கலாம். இரைச்சலைப் போக்க ப்ளக்கின் எர்த் பின்னை வெட்டச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே ஏதாவது பழுதானால் மைக் பிடித்திருக்கிற ஆளின் உயிர் போகும்.

சரி, ரெண்டு மைக் போதுமா? 2024-இல் கோவை மாவட்டத்து பத்திரப்பன் அய்யாவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்ததில் வள்ளி ஒயில் கும்மி என்ற நாட்டுப்புற ஆட்டத்தின் பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது. இங்கே ஊருக்கு ஊர் கும்மிக் குழு இருக்கிறது, தங்கள் பாட்டைப் பதிய வருகிறார்கள். ஒரு வாத்தியார் என்னிடம், "ஏனுங் தம்பி, எல்லாரும் ஒண்ணா நின்னு பாடுனாத்தானுங் பாட்டு சேரும்" என்றார். அவர் சொன்னது நியாயம். வாத்தியாருக்கு ஒரு மைக், எதிர்ப்பாட்டுக் குழுவை அரைவட்டமாக நிறுத்தி ஒரு மைக். குழு ஒன்றாகவே பாடியது, பாட்டும் சேர்ந்தது. பம்பையைப் பிறகு தனியாகப் பதிந்தோம். அடிக்கிறவர் டைரக்ட் மானிட்டரில், அதாவது கம்ப்யூட்டருக்குப் போகாமல் பெட்டியிலிருந்தே நேராகக் கேட்டதால் கம்ப்யூட்டரின் தாமதம் அவருக்குத் தெரியவில்லை. ஜமாப் மேளத்தை வெளி வாசலில் நிறுத்தி, கொஞ்ச தூரத்தில் ஸ்டீரியோவாக ரெண்டு மைக் வைத்தால் அந்தக் கூட்டத்தின் முழக்கம் முழுசாக வருகிறது. ஒவ்வொரு மேளத்துக்கும் தனி மைக் வைத்தால் அது குறைவதாகவே என் காதுக்குப் படுகிறது.

மைக்கில் சின்னச் சத்தத்தையும் இழுக்கும் கண்டென்சரா, டைனமிக்கா என்றால் தறி ஓடும் ஊரில் டைனமிக்கில் தொடங்குங்கள். வாயருகே வைத்துப் பாடினால் தறிச்சத்தம் பின்னுக்குப் போகும்.

டிரம்ஸ் கிட் வைத்து பேண்ட் ரெக்கார்டிங் எடுப்பவருக்கு எட்டு சேனல்தான் சரி, அதில் பேச்சே இல்லை. 18ஐ20-இல் ஏடாட் என்ற டிஜிட்டல் இணைப்பு வழியாக இன்னும் எட்டு சேனல் சேர்க்கலாம், 2ஐ2-வில் அதற்கு இடமே இல்லை. எட்டு சேனல் பெட்டியை நான் வாடகைக்கு எடுத்துத்தான் ஓட்டியிருக்கிறேன், வருடக்கணக்கில் வைத்திருந்த அனுபவம் இல்லை. அதனால் அதன் ஆயுள் பற்றி என் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டாம். வாங்குகிறவர்கள் பெட்டிக்கு முன்பே ஒயர்மேனைக் கூப்பிட்டு, ஸ்டுடியோ அறைக்கென்று தனியாக ஒரு எர்த் குழி வெட்டச் சொல்லுங்கள். அதை வீட்டு எர்த்தோடு சேர்த்துக் கட்டித்தர வேண்டும். எல்லா ப்ளக்கும் அறையில் ஒரே போர்டில் இருக்கட்டும்.