ரவுனைத் தாண்டிச் சாப்பிடுவோம்: திருநெல்வேலி முதல் சுன்னாகம் வரை

யாழ்ப்பாணத்துக்குச் சாப்பிடவென்றே வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். யாழ்தேவி ரயிலில் வந்து இறங்கும் கொழும்புக்காரர்கள், விடுமுறைக்கு வரும் வெளிநாட்டுச் சொந்தங்கள், சென்னையிலிருந்து பலாலிக்குப் பறந்து வருகிறவர்கள் என்று பலர். ஆனால் கஸ்தூரியார் வீதி, ஆஸ்பத்திரி வீதி, நல்லூர் வாசல் என்ற ரவுனின் சின்ன வட்டத்துக்குள்ளேயே எல்லாரும் சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள். வாழையிலைச் சாப்பாட்டுக்கு மலாயன் கபே, ஐஸ்கிரீமுக்கு றியோ. இரண்டும் நல்ல இடங்கள்தான். இருந்தாலும் காங்கேசன்துறை வீதியில் வடக்கே ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் போனால் சுன்னாகம் வந்துவிடும். அதற்குள் கொக்குவில், தாவடி, இணுவில், மருதனார்மடம், பக்கத்துப் பலாலி வீதியில் திருநெல்வேலி, கோண்டாவில். செம்மண்ணும் தோட்டக் கிணறுகளுமான இந்தப் பக்கத்தில்தான் யாழ்ப்பாணத்தவர் தங்களுக்காகச் சமைக்கும் சாப்பாடு கடையிலும் கிடைக்கிறது.

இங்கே நான்கு வகை இடங்கள் ஒன்றுக்கொன்று போட்டி. திருநெல்வேலி அம்மாச்சி உணவகம், பெயர்ப்பலகை இல்லாத வீட்டுச் சமையல், சந்தையடிச் சைவக்கடை, இரவுக் கொத்துரொட்டிக் கடை. எது நல்லது என்று கேட்டால் எந்த நேரம் என்று நான் திருப்பிக் கேட்பேன். ஆனால் எல்லா நேரத்துக்கும் பொதுவான அளவுகோல் ஒன்று இருக்கிறது. அது தேங்காய்.

யாழ்ப்பாணச் சாப்பாட்டில் பாதி தேங்காய்தான். பிட்டுக்குள் பூவாக, சம்பலில் இடித்து, சொதியில் பாலாக, வறையில் துருவலாக. துருவிய தேங்காய் எங்கள் வெயிலில் நெடுநேரம் தாங்காது. காலையில் இடித்த சம்பல் மத்தியானம் தாண்டினால் புளிக்கத் தொடங்கும். சொதிக்கு இரண்டாம் பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள் போட்டு அவித்து, கடைசியில் தலைப்பால் விட்டு, ஒரு கொதி வருமுன் இறக்கி, அடுப்பை விட்டு எடுத்த பிறகே தேசிக்காய் பிழிய வேண்டும். கடையில் அதைத் திரும்பத் திரும்பச் சூடாக்கினால் பால் திரைந்து எண்ணெய் மிதக்கும். சொதிக் கிண்ணத்தைப் பார்த்தாலே எத்தனை மணிக்குச் சமைத்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

2025 தொடக்கத்தில் தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தாண்டியபோது இந்தக் கடைகள் என்ன செய்தன என்று கவனித்தேன். சில இடங்களில் சொதிக்குள் தேங்காய்ப்பால் மா புகுந்தது. குடித்தபின் நாக்கில் மாவு படிவது அதனால்தான். சில இடங்களில் சம்பல் நிறம் குறைந்து வெங்காயம் கூடியது. வேறு சிலர் ஒன்றையும் மாற்றாமல் விலையைக் கூட்டினார்கள். நான் விலையைக் கூட்டியவர்கள் பக்கம். கூட்டிய விலை எழுதி வைத்திருக்கும், முன்கூட்டியே தெரியும். சொதியில் குறைந்த பாலுக்கு யாரும் அறிவித்தல் போடுவதில்லை.

முதலில் அம்மாச்சி. வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் நடத்தும் உணவகம். தெற்கில் ஹெல போஜுன் என்று இருப்பதும் இதே வகைதான். ஒரு பெரிய சமையலறையும் அதற்கு ஒரு முதலாளியும் என்ற கதை இங்கே இல்லை. வரிசையாக அடுப்புகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் சமைக்கிறவர். ஒருவரிடம் தோசை, ஒருவரிடம் அப்பம், இன்னொருவரிடம் பிட்டு, வடை, குரக்கன் மாவில் செய்தவை. எல்லாம் மரக்கறிதான். மாவைக் கரைப்பதும் தட்டில் போடுவதும் கண்முன்னே நடக்கும். ரவுனில் எந்தக் கடையிலும் இவ்வளவு வெளிச்சத்தில் சமையலைப் பார்க்க முடியாது.

ஆனால் ஒரே கூரைக்குள் பல கைகள் இருந்தால் பல தரமும் இருக்கும். இரண்டு பேர் பிட்டு அவித்தால் ஒருவருடையது பூப்போல உதிரும், மற்றது கட்டிபடும். இதற்கு ஒரு வழி உண்டு. விலைப் பட்டியலை விட்டுவிட்டு எந்த அடுப்பில் ஆவி பறக்கிறது என்று பாருங்கள். கொட்டி வைத்த பிட்டை வாங்காமல், அடுத்து இறங்குவதற்குக் காத்திருந்து வாங்குங்கள். அப்பத்துக்கும் அதே கதை. பால் விட்ட நடுப்பகுதி சூட்டோடு இருக்கும்போது தின்னாவிட்டால் அதில் பயனில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் பக்கத்தில் இருப்பதால் மத்தியானம் இங்கே நெருக்கடி. அந்த நேரம் வருவது வீண் என்பது என் கருத்து. காலையிலும், நாலு மணிக்குப் பிறகும் அம்மாச்சியை இந்தப் பக்கத்தில் யாரும் மிஞ்ச முடியாது.

மத்தியானம் வீட்டுச் சமையலின் நேரம். கோண்டாவில், இணுவில், தாவடி ஒழுங்கைகளுக்குள் இப்படிப் பல வீடுகள் இருக்கின்றன. பல இடங்களில் சமைப்பது, கணக்குப் பார்ப்பது, பார்சல் கட்டுவது எல்லாம் ஒரே பெண்தான், உதவிக்கு ஒரு பிள்ளையோ சகோதரியோ. முன் விறாந்தையில் இரண்டு மேசை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் பார்சல் மட்டும். முதல்நாள் இரவோ காலை எட்டு மணிக்குள்ளோ தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். நீங்கள் சொன்ன ஆட்தொகைக்குத்தான் அவர்கள் அரிசி போடுவார்கள். ஒரு மணி, ஒன்றரைக்கெல்லாம் சட்டி காலி. எனக்கு இதில் முழு நம்பிக்கை வருவதே அந்தக் காலியான சட்டியால்தான். மிஞ்சினால்தானே அதை இரவுக்குச் சூடாக்க வேண்டிவரும்.

சாப்பாடு என்னவென்று நீங்கள் தீர்மானிக்க முடியாது, கடல்தான் தீர்மானிக்கும். 27 வருடம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடைபட்டுக் கிடந்த மயிலிட்டித் துறைமுகம் 2017இல் மக்களிடம் திரும்பி வந்தது. இப்போது அங்கே கரையேறும் மீன் காலையிலேயே மோட்டார் சைக்கிள் பெட்டிகளில் இந்த ஒழுங்கைகளுக்குள் வருகிறது. பாரை வந்தால் பாரைக் குழம்பு, சூடை வந்தால் பொரியல், சுறாக் குட்டி வந்தால் தேங்காய்ப்பூவும் மஞ்சளும் போட்டு வறை. கூடவே குத்தரிசிச் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, சொதி, மோர் மிளகாய். குழம்பில் வீட்டில் வறுத்து இடித்த தூளின் கருமையும் மணமும் இருக்கும். கடையில் வாங்கிய தூளுக்குச் சிவப்பு வரும், இந்த மணம் வராது.

விலை? சந்தையடிச் சைவக்கடையைவிடச் சற்றுக் கூட, ரவுனில் குளிரூட்டிய இடங்களைவிட நன்றாகவே குறைவு. இதில் பேரம் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். 2022இல் சமையல் எரிவாயு இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது இந்த வீடுகளில் பல விறகடுப்புக்குத் திரும்பின. புகைக்குள் நின்று சமைத்தார்கள், ஆனால் மூடவில்லை. ஒரு பார்சலுக்கு ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லிக் கேட்பதற்கு முன் அதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

குறை இல்லாமலில்லை. சமைக்கிறவருக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கு அடுப்பு எரியாது. வீட்டில் கலியாணம், செத்தவீடு என்றாலும் இல்லை. திடீரென்று பத்துப் பேரோடு போய் நின்றால் ஒன்றும் கிடைக்காது. உறைப்பும் குறைக்க மாட்டார்கள். சின்னப் பிள்ளைகளோடு போனால் சொதியும் பொரியலும் கூடத் தரச் சொல்லி முதலே கேளுங்கள்.

இந்த வீடுகளிடம் இன்னொன்றும் இருக்கிறது. ஒடியல் கூழ். அம்மாச்சியில் அது கிடைக்க வழியில்லை, சைவக்கடையிலும் இல்லை. கடைகளில் கிண்ணத்தில் தரும் கூழைவிட வீட்டில் சொல்லிச் செய்விக்கும் கூழ் பலமடங்கு மேல். பச்சைப் பனங்கிழங்கைக் காயவைத்து இடித்ததுதான் ஒடியல் மா. அதை ஊறவைத்து, நீரை மாற்றி, கைப்பைப் போக்க வேண்டும். மீன் தலை, நண்டு, றால், கணவாய், மரவள்ளி, பலாக்கொட்டை, பயற்றங்காய், முருங்கையிலை, கொஞ்சம் அரிசி, அரைத்த செத்தல் மிளகாய், பழப்புளி என்று ஒவ்வொன்றும் அதனதன் முறைக்குப் பானைக்குள் போகும். எட்டுப் பத்துப் பேராவது சேர்ந்தால்தான் சமைக்கிறவருக்குக் கட்டும். இரண்டு நாளுக்கு முன் சொல்லுங்கள். நல்ல கூழா என்று அறிய இரண்டு கேள்வி போதும். தொண்டையில் கைப்பு நிற்கிறதா? தடிப்பு ஒடியலால் வந்ததா, கோதுமை மாவால் வந்ததா? கோதுமை மா போட்டது ஆறினதும் பசைபோல இறுகும். வீட்டு முற்றத்தில் பிலா மரம் நின்றால் கூழ் குடிக்க இலையைக் கோலி ஈர்க்குக் குத்திக் கேளுங்கள், சந்தோசமாகச் செய்து தருவார்கள்.

சரி, சந்தையடிக்கு வருவோம். மருதனார்மடத்திலும் சுன்னாகத்திலும் மரக்கறிச் சந்தை விடியமுன்பே உயிர்த்துவிடும். தோட்டக்காரர் வெங்காயமும் கத்தரிக்காயும் கொண்டு வந்து இறக்கும் நேரத்துக்கு முன்பே அவர்களுக்காகத் தேத்தண்ணிக் கடைகள் திறந்திருக்கும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கும் வெறுந்தேத்தண்ணிக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. முதல் எண்ணெயில் பொரித்த உளுந்து வடையும் வாய்ப்பனும் ஆறு மணிக்குள். பத்து மணிக்கு அதே சட்டி எண்ணெய் கறுத்திருக்கும், அப்போது நான் தோசையோடு நிறுத்திக்கொள்வேன்.

சைவக்கடையில் எனக்குப் பிடிக்காத வழக்கம் ஒன்று. கேளாமலே ஒரு தட்டு நிறைய வடையும் றோல்ஸும் மேசையில் வைப்பார்கள். தின்றதற்கு மட்டும் காசு, மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். எத்தனை கை பட்டதென்று யாருக்குத் தெரியும்? தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சட்டியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள், கோபிக்க மாட்டார்கள். தண்ணீரையும் கேட்டுக் குடியுங்கள். 2014, 2015 காலத்தில் சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த துயரத்தை இந்தப் பக்கத்துச் சனம் மறக்கவில்லை. எங்கிருந்து வந்த தண்ணீர் என்று கேட்பது இங்கே மரியாதைக் குறைவல்ல.

வெள்ளிக்கிழமை மட்டும் கணக்கு மாறும். அன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், இல்லை. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் பல வீடுகளில் அப்படித்தான். அப்போது வீட்டுச் சமையலும் சைவக்கடையும் நேருக்கு நேர் நிற்கும், நான் சைவக்கடைக்கே போவேன். மரக்கறி வாசலுக்கு எதிரிலேயே வந்து இறங்குகிறது. கூட்டம் கூடுவதால் சட்டியும் அடிக்கடி மாறுகிறது. சொதியும் இரண்டாம் முறை புதிதாக வைப்பார்கள். மற்ற நாட்களில் இரண்டு மணிக்கு அதே கடையில் சாப்பிட்டால் காலைச் சம்பலின் புளிப்பு இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் அது இருப்பதில்லை.

கொத்துரொட்டிக் கடைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரவு எட்டு மணிக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் சூடாகக் கிடைப்பது அதுதான், அது அதன் பெரிய தகுதி. ரொட்டிக் கொத்தைவிடப் பிட்டுக் கொத்து மேல், ஆட்டிறைச்சிக் குழம்பு விட்டு. அஜினமோட்டோ வேண்டாம் என்று தட்டத் தொடங்குமுன் சொல்லுங்கள், தொடங்கிய பிறகு அந்தச் சத்தத்தில் கேட்காது. பிட்டு அன்றைக்கு அவித்ததா என்பதைக் கேட்டே ஆக வேண்டும். பின்னேரம் பிட்டு அவித்து இரவுக்குத் தரும் வீடு ஒன்று அகப்பட்டால் கொத்துக் கடையை மறந்துவிடுங்கள். பனையோலை நீத்துப்பெட்டியில் அவித்த பிட்டு, மாம்பழக் காலத்தில் அதற்கு ஒரு கறுத்தக்கொழும்பான், இல்லாத காலத்தில் முட்டைப் பொரியலும் கட்டைச் சம்பலும். இரவில் மற்ற மூன்று போட்டியாளரில் எதுவும் இதற்குக் கிட்ட வராது.

ஒரே ஒரு நேரச் சாப்பாட்டுக்குத்தான் இந்தப் பக்கம் வர முடியும் என்றால், வெள்ளி தவிர்ந்த நாளொன்றில் மத்தியானம் வாருங்கள், வீட்டுச் சமையல். ரயிலில் வந்தால் கோண்டாவிலிலோ இணுவிலிலோ இறங்கலாம். வீடுகளுக்குப் பலகை இல்லை என்பதால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று பலர் கேட்கிறார்கள். முதல்நாளே சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரரிடம் போங்கள். “நல்ல கடை எங்கே” என்று கேட்டால் உங்களை வெளியாள் என்று நினைத்து ரவுனுக்குத்தான் கூட்டிப் போவார். “அண்ணை, மத்தியானம் நீங்கள் எங்கை சாப்பிடுறனீங்கள்?” என்று கேளுங்கள். வீட்டில் சாப்பிடாத ஓட்டோக்காரர் எல்லாரிடமும் அப்படியொரு வீட்டின் தொலைபேசி இலக்கம் இருக்கும். அவரையே பேசி உங்கள் பெயரையும் எத்தனை பேர் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். தெரிந்தவர் சொன்னால் மீன் துண்டு கொஞ்சம் பெரிதாகவும் வரும்.