நினைக்கிறேன்: திங்க்கா, கன்சிடரா, பாண்டரா?

‘யோசித்துச் சொல்கிறேன்’ என்பதை ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் திங்க், கன்சிடர், பாண்டர், காண்டெம்ப்ளேட், ரிஃப்ளெக்ட் என்று ஐந்து சொற்கள் வந்து நிற்கும். அகராதியில் ஐந்துக்கும் ‘சிந்தி, கருது, ஆலோசி’ என்று ஏறக்குறைய ஒரே பொருள்தான் போட்டிருக்கும். அப்போது எது கனமாகத் தெரிகிறதோ அதை எடுத்துப் போட்டுவிடத் தோன்றும். என் ஓட்டு திங்க்குக்குத்தான். அதற்கு அடுத்த இடம் கன்சிடருக்கு. மற்ற மூன்றும் எப்போதாவது தேவைப்படுபவை.

திங்க் சாதாரணச் சொல், கன்சிடர் அலுவல் மணம் வீசும் சொல், பாண்டர் நீண்ட யோசனை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் நம்மைக் கவிழ்ப்பது பொருள் வேறுபாடு இல்லை, சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் வால். ‘ஆஃப்’, ‘அபவுட்’, ‘ஆன்’ போன்ற முன்னிடைச்சொல் வேண்டுமா வேண்டாமா, அடுத்த வினை ‘டு’வோடு வருமா ‘இங்’கோடு வருமா என்பதில்தான் பெரும்பாலான பிழைகள் விழுகின்றன. சொல்லைக் கொஞ்சம் மாற்றிப் போட்டாலும் படிப்பவருக்குப் புரிந்துவிடும். வால் மாறினால் வாக்கியமே தப்பாகிவிடும்.

திங்க்கை எடுத்துக்கொள்வோம். தமிழில் ‘நினைக்கிறேன்’ என்ற ஒரே வடிவம் நிலையான கருத்தையும் சொல்லும், இந்த நிமிடம் மனதில் ஓடுவதையும் சொல்லும். ஆங்கிலம் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. ‘அவர் சொல்வது சரி என்று நினைக்கிறேன்’ என்பது கருத்து. அதற்கு ‘ஐ திங்க் ஹி இஸ் ரைட்’ என்பதே சரி. ‘ஐ ஆம் திங்கிங் தட் ஹி இஸ் ரைட்’ என்று எழுதினால் உறுத்தும். ‘நினைக்கிறேன்’ என்பதற்குள் ‘நினைத்துக்கொண்டிருக்கிறேன்’ என்பதும் அடங்கியிருப்பதால்தான் கை தானாக அந்தப் பக்கம் போகிறது. ஒரு சோதனை: ‘நினைக்கிறேன்’ இருக்கும் இடத்தில் ‘என் கருத்து’ என்று போட்டுப் பாருங்கள். பொருந்தினால் ‘ஐ திங்க்’. ‘யோசித்துக்கொண்டிருக்கிறேன்’ பொருந்தினால் ‘ஐ ஆம் திங்கிங் அபவுட்’.

அடுத்தது ‘ஆஃப்’, ‘அபவுட்’ சண்டை. ஒன்று மனதில் சட்டென்று வருவதற்கு ‘ஆஃப்’. ‘அவர் பெயர் நினைவுக்கு வரவில்லை’ என்பதை ‘ஐ கான்ட் திங்க் ஆஃப் ஹிஸ் நேம்’ என்பார்கள். இந்த இடத்தில் ‘அபவுட்’ போட்டால், பெயரைப் பற்றி ஆராய முடியவில்லை என்ற விசித்திரமான பொருள் வந்துவிடும். ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்கு ‘அபவுட்’: ‘ஐ வில் திங்க் அபவுட் இட்’. தொடக்கத்தில் சொன்ன ‘யோசித்துச் சொல்கிறேன்’ இதுதான். அபிப்பிராயம் கேட்கும்போது மட்டும் இரண்டும் செல்லும். ‘வாட் டு யூ திங்க் ஆஃப் இட்’ என்றும் கேட்கலாம், ‘அபவுட் இட்’ என்றும் கேட்கலாம்.

மூன்றாவது குழி ‘வரணும்னு நினைச்சேன்’. இங்கே ‘நினைச்சேன்’ என்பது எண்ணத்தைக் குறிக்கவில்லை, உத்தேசத்தைக் குறிக்கிறது. அதை அப்படியே ‘ஐ தாட் டு கம்’ என்று மாற்றினால் நிற்காது. வர முடிவு செய்து முடியாமல் போயிருந்தால் ‘ஐ மென்ட் டு கம்’. வரலாமா என்று அரைமனதாக இருந்திருந்தால் ‘ஐ வாஸ் திங்கிங் ஆஃப் கமிங்’. ஆனால் ‘ஐ டிடின்ட் திங்க் டு ஆஸ்க்’ என்றால் சரி; ‘கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை’ என்பது அதன் பொருள். திங்க்குக்குப் பின்னால் ‘டு’ வந்தால் ‘தோன்றியது, தோன்றவில்லை’ என்று வாசித்துப் பழகினால் குழப்பம் தீரும்.

இன்னொரு நுணுக்கம் எதிர்மறை. ‘அவன் வரமாட்டான்னு நினைக்கிறேன்’ என்பதில் நாம் மறுப்பை வருவதோடு சேர்க்கிறோம். ஆங்கிலத்தில் இயல்பாக அது திங்க்கோடு போய் ஒட்டிக்கொள்ளும்: ‘ஐ டோன்ட் திங்க் ஹி வில் கம்’. ‘ஐ திங்க் ஹி வோன்ட் கம்’ என்பது இலக்கணப் பிழை இல்லை. ஆனாலும் அழுத்தம் கூடி, அடித்துச் சொல்வது போல ஒலிக்கும். இதே பழக்கத்தில் ‘ஹோப்’ என்ற சொல்லிலும் கை வைக்காதீர்கள். அங்கே மறுப்பு நகராது. ‘ஐ ஹோப் ஹி வோன்ட் கம்’ என்பதே முறை.

கன்சிடருக்கு வருவோம். அது செயப்படுபொருளை நேராகப் பிடிக்கும், நடுவில் ‘அபவுட்’ நுழையக் கூடாது. ‘கன்சிடர் மை ரிக்வெஸ்ட்’ சரி, ‘கன்சிடர் அபவுட் மை ரிக்வெஸ்ட்’ தவறு. ‘என் கோரிக்கையைப் பற்றி’ என்று தமிழில் ஓடும் ‘பற்றி’தான் அங்கே ‘அபவுட்’டாக முளைக்கிறது. ‘டிஸ்கஸ் அபவுட்’ என்ற தவறும் இதே வேரிலிருந்து வந்ததுதான். பின்னால் வினை வந்தால் ‘இங்’ மட்டுமே: ‘கன்சிடர் ரிசைனிங்’ சரி, ‘கன்சிடர் டு ரிசைன்’ தவறு. ஒருவரை இன்னார் என்று மதிப்பிடுவதற்கு ‘ஐ கன்சிடர் ஹிம் எ ஃப்ரெண்ட்’ போதும். நடுவில் ‘ஆஸ்’ சேர்ப்பவர்களும் உண்டு. அதைத் தவறு என்று திருத்துபவர்களும் இருப்பதால், விட்டுவிடுவதே பாதுகாப்பு.

திங்க்கைத் தள்ளிவிட்டு கன்சிடரை எடுக்க வேண்டிய இடமும் இருக்கிறது. முன்னால் ஒரு விண்ணப்பமோ யோசனையோ இருந்து, அதன்மீது ஒரு முடிவு வரவேண்டும் என்றால் கன்சிடர். ‘வீ வில் திங்க் அபவுட் யுவர் அப்ளிகேஷன்’ என்று ஒரு நிறுவனம் பதில் போட்டால், பிடி கொடுக்காமல் நழுவுவது போலிருக்கும். ‘கன்சிடர்’ என்றால் முறைப்படி பரிசீலிப்பார்கள் என்ற நம்பிக்கை வரும். தமிழில் ‘பரிசீலிக்கிறோம்’ என்று எழுதுவீர்களானால் அங்கே கன்சிடர்.

பாண்டர் என்பதன் லத்தீன் வேர் எடைபோடுவதைக் குறிப்பது. அதனால் நம் ‘சீர்தூக்கிப் பார்’ என்பதற்கு நேர் என்று தோன்றும். புழக்கத்தில் அப்படி இல்லை. சீர்தூக்கிப் பார்ப்பவர் ஒரு முடிவுக்கு வருவார்; பாண்டர் செய்பவர் வெகுநேரம் எண்ணிக்கொண்டே இருப்பார், முடிவு வந்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஆகவே அலுவலகக் கடிதத்தில் ‘பிளீஸ் பாண்டர் மை ரிக்வெஸ்ட்’ என்று எழுதாதீர்கள். வால் விஷயத்தில் இது தாராளம்: நேராகவும் வரும், ‘ஆன்’, ‘ஓவர்’ சேர்த்தும் வரும்.

காண்டெம்ப்ளேட் பெரும்பாலும் பெரிய முடிவுகளுக்கு, அல்லது ஒன்றை அமைதியாக உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு. கன்சிடர் போலவே முன்னிடைச்சொல் இல்லாமல், ‘இங்’கோடு வரும்.

ரிஃப்ளெக்ட்டின் வேருக்குப் பின்னோக்கி வளைத்தல் என்று பொருள். நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்க்கும்போது இது அழகாகப் பொருந்தும். ‘ஆன்’ மட்டும் விடுபடக் கூடாது. ‘ஐ ரிஃப்ளெக்டெட் ஆன் மை மிஸ்டேக்ஸ்’ என்றால் பிழைகளை எண்ணிப் பார்த்தேன். ‘ஆன்’ இல்லாவிட்டால், கண்ணாடி போலப் பிழைகளைப் பிரதிபலித்தேன் என்றாகிவிடும்.

இந்த ஐந்துக்கும் வெளியே ‘ரூமினேட்’ என்று ஒன்று உண்டு. அதன் வேர் மாடு அசைபோடுவதைக் குறிப்பது. நாம் ‘மனதில் அசைபோடு’ என்று சொல்வதும் இதுவும் அச்சு அசலாக ஒன்று. ஆனால் தமிழில் இனிய நினைவுகளையும் அசைபோடலாம். உளவியல் எழுத்தில் ரூமினேட் என்றால் கவலையை விடாமல் மென்றுகொண்டிருப்பதுதான். நல்ல நினைவுகளுக்கு ‘ரெமினிஸ்’ எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் ‘அபவுட்’ சேர்த்து.