ஃபோம் இயர்பிளக் ரிவ்யூ: மில் சங்கு ஓகே, மாடி வீட்டு கட்டில் ஃபெயில்

மொதல்ல ரிசல்ட்ட சொல்லிடறேன், ஜோடி 20 ரூபாக்கு நல்ல சரக்கு தான், 5க்கு 4 ஸ்டார். போன அந்த ஒரு ஸ்டாரு மாடி வீட்டு அக்காவோட இரும்புக் கட்டிலுக்கு போச்சு, அத பின்னாடி சொல்றேன்.

நான் இருக்கறது பாண்டிச்சேரி முதலியார்பேட்டைல, கடலூர் ரோட்டுலேர்ந்து உள்ள வர்ற சந்து. சேதராப்பட்டுல கம்பெனி, செகண்ட் ஷிஃப்ட் முடிச்சு வந்து சாப்ட்டு படுக்க ஒரு மணி ஆயிடும். வாடகை, தண்ணி, ஹவுஸ் ஓனர் எல்லாம் தங்கம், சுத்தி இருக்கறவங்க தான் ஒவ்வொருத்தரும் ஒரு தினுசு. எதுத்த வீட்டுல சொல்தா தாத்தா, சொல்தான்னா பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவங்க, பிரெஞ்சு மிலிட்டரி பென்ஷன். மனுஷங்க கிட்ட தமிழ் பேசுவாரு, தெரு நாய்ங்க கிட்ட மட்டும் பிரெஞ்சு. காலைல அஞ்சு மணிக்கு பிஸ்கட் பாக்கெட்டோட வாசல்ல நின்னுட்டு "வியேன் இசி, வியேன் இசி"ன்னு கத்துவாரு, இங்க வான்னு அர்த்தம், தெருவுல இருக்கற அத்தனையும் கொலைச்சுக்கிட்டே ஓடி வரும், நாம "வா வா"ன்னு கூப்டா திரும்பி கூட பாக்காதுங்க. ஜூலை 14, பிரெஞ்சு தேசிய நாள் வந்தா கோட்டு மெடல் எல்லாம் மாட்டிக்கிட்டு பீச்சுக்கு போவாரு, அன்னிக்கு நாய்ங்களுக்கும் டபுள் பிஸ்கட்டு.

அவர கூட சமாளிச்சிடலாம். பக்கத்து வீட்டு ஐயா தான் மெயினு. ஏஎஃப்டி (ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) மில்லுல வேலை பாத்து ரிட்டையர் ஆனவரு. 1898ல ஆரம்பிச்ச மில்லு, 2011 தானே புயல்ல செமயா அடி வாங்குச்சு, 2020ல ஒரேடியா மூடிட்டாங்க. ஷிஃப்டுக்கு ஊதற சைரன், அதான் மில் சங்கு, அது ஊதாததுனால ஏரியாவுக்கே டைம் தெரியாம போச்சுன்னு ஐயாவுக்கு ஒரு கவலை, மொட்டை மாடில குழாய் ஸ்பீக்கர் கட்டி போன்லேர்ந்து மில் சங்கு போட ஆரம்பிச்சிட்டாரு. ராத்திரி 10லேர்ந்து காலைல 6 வரைக்கும் லவுட் ஸ்பீக்கர் போடக்கூடாதுன்னு 2000த்துல வந்த ரூல் இருக்குல்ல, அத வரி வரியா படிச்சு வெச்சிருக்காரு போல, கரெக்டா 6 மணி 1 நிமிஷத்துக்கு தான் ஊதும். கேக்கப் போனா "பகல்ல வீட்டு ஏரியாவுக்கு 55 டெசிபல் வரைக்கும் இருக்கு தம்பி"ன்னு நம்மளுக்கே பாடம் எடுக்கறாரு, 55ல நிக்கற சங்கா அது? ஜூலை 30 மட்டும் ஊத மாட்டாரு. 1936ல இங்க சவானா மில்லுல நடந்த துப்பாக்கிச்சூட்டுல செத்த 12 தொழிலாளிங்களுக்காக அன்னிக்கு சங்குக்கு லீவு. இயர்பிளக் வாங்கறதுக்கு முன்னாடி வருஷத்துல நான் ஒழுங்கா தூங்குன ஒரே காலை அது தான்.

இப்ப பொருளுக்கு வருவோம். ஆன்லைன்ல சிலிகான்ல ஒண்ணு வாங்கிப் பாத்தேன், ஒருக்களிச்சு படுத்தா காதுல குத்துது, எழுந்தா தலகாணி அடில கெடக்குது, வேஸ்ட்டு. மெடிக்கல்ல கேட்டா பஞ்சு எடுத்து குடுக்கறாங்க. ஹெல்மெட், க்ளவுஸ் எல்லாம் விக்கற சேஃப்டி ஐட்டம் கடைல கேளுங்க, ஆரஞ்சு கலர் ஃபோம் இருக்கும், கவர் மேல என்ஆர்ஆர், அதாவது சத்தத்த எவ்ளோ கொறைக்கும்ங்கற அளவு, 29 டெசிபல்னு போட்டிருக்கும். அது லேப்ல அளந்த நம்பரு, நீங்க சும்மா காது வாசல்ல சொருகினா அதுல பாதி கூட கெடைக்காது. நல்லா உருட்டி ஊசி மாதிரி மெல்லிசாக்கிட்டு, இன்னொரு கைய தலைக்கு மேல கொண்டு போயி காத மேல இழுத்துப் புடிச்சு உள்ள விட்டு, அரை நிமிஷம் விரல எடுக்காம அழுத்திக்கணும், அது உள்ள போயி உப்பினா தான் அடைக்கும். இப்டி போட்டா நாய், மிக்சி, டிவி சீரியல் எல்லாம் காலி. சங்கு கூட எங்கயோ வில்லியனூர்ல ஊதற அளவுக்கு தான் கேக்குது.

கட்டில் மேட்டர் வேற. மாடி அக்காவுக்கு கெட்ட கனவு வந்தா உடனே எழுந்து கட்டில வேற திசைக்கு திருப்பிப் போடுவாங்க, அது பாதி ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் சரி. அந்த சத்தம் காத்துல மட்டும் வர்றது இல்லயே, தளத்துல எறங்கி செவுரு வழியா என் கட்டிலுக்கு வந்து மண்டைல அதிருது, காத மட்டும் அடச்சு இன்னா பண்றது. கட்டில் காலுக்கு மாட்ட ரப்பர் புஷ் நாலு வாங்கிக் குடுத்தேன். "ரப்பர் வெச்சா பூமி சக்தி ஏறாது தம்பி"ன்னு சொல்லிட்டு அத ஜன்னல் மேல அடுக்கி வெச்சிருக்காங்க.

சில விஷயம் கவனிச்சுக்கோங்க. சோப்பு போட்டு கழுவினா வெறைச்சு போயிடும், அழுக்கானா தூக்கிப் போட்டுட்டு புதுசு எடுங்க. காதுல சீழு, வலி இருக்கறவங்க தொடாதீங்க. அலாரம் கேக்காது, போன வைப்ரேட்ல வெச்சு தலகாணிக்கு அடில போட்டுக்கோங்க.

நேத்து ஐயா என் காதுல ஆரஞ்ச பாத்துட்டு இன்னாதுன்னு விசாரிச்சாரு. சொல்தா வீட்டு நாய் சத்தம் தாங்கலையாம், காலைல தூக்கமே போச்சாம், அவருக்கும் ஒரு ஜோடி வேணுமாம்.